சங்கும் சக்கரமும் மருத்துவ வாரியமும்

1. முதல் முறை மைசூரில் உள்ள தேர்வு மையத்துக்குப் போனேன். முதல் நாள் மதியமே திருப்பி அனுப்பினார்கள்.

2. இரண்டாம் முறை ஐந்து நாளும் இருந்தேன். கடைசி நாள் வாசித்த எண்களில் என் எண் இல்லை.

3. மூன்றாம் முறை என் எண்ணை வாசித்தார்கள்.

4. மருத்துவப் பரிசோதனைக்குப் பெங்களூரில் தேதி கொடுத்தார்கள்.

5. அதற்கு முந்தைய வாரம் ஸ்ரீரங்கத்தில் எனக்குச் சமாஸ்ரயணம் நடந்தது. அதாவது, ஹோமத் தீயில் காய்ச்சிய சங்கு, சக்கர முத்திரைகளை ஆசார்யன் என் இரண்டு தோள்களிலும் வைத்தார்.

6. அந்தக் காயம் ஆறுவதற்குள் மருத்துவர் முன்னால் போய் நின்றேன்.

7. தகுதியில்லை என்று எழுதினார்கள். தற்காலிகமாக.

இந்த ஏழையும் வரிசையாகப் படித்தால் ஐந்தாவது மட்டும் வேறு யாருடைய வாழ்க்கையிலிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது போலத் தெரியும். எங்கள் வீட்டில் கேட்டால் மற்ற ஆறும்தான் அப்படி என்பார்கள்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். துவாக்குடி பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கண்ட்ரோல் பேனல்களைச் சோதித்து அனுப்பும் வேலை. காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன், இருட்டும்போது இரண்டு பஸ் மாறி வருவேன். விண்ணப்பித்தது விமானப் படையின் தொழில்நுட்பப் பிரிவுக்கு. பறப்பது இல்லை, பறப்பவற்றைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கும் அதிகாரி வேலை. எதற்கு என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில்கள் வைத்திருந்தேன். நேர்முகத் தேர்வுக்கு: நாட்டுக்குச் சேவை, தலைமைப் பண்பு. வீட்டுக்கு: நல்ல சம்பளம், குவார்ட்டர்ஸ், மரியாதை. மூன்றாவதை யாரிடமும் சொன்னதில்லை. நான் சோதித்த பேனல் ஒன்றுகூட ஓடி நான் பார்த்தது கிடையாது. பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன், மரப்பெட்டியில் ஆணி அடிப்பார்கள், லாரி வரும். அப்பா கைலாசபுரம் தொழிற்சாலையில் வெல்டிங் தரம் பார்ப்பவர். அவர் பார்த்து அனுப்பிய பாய்லர்களும் எங்கேயோ போய் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவரும் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஓட்டப் பயிற்சி கொள்ளிடக் கரையில். விடிவதற்கு முன் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு சித்திரை வீதி வழியாகப் போனால், வாசல் தெளிப்பவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பால் வாங்க நிற்கும் ஒரு மாமா தினமும் கேட்பார், "என்னடிம்மா, இன்னிக்கு யார் துரத்தறா?" முதல் வருடம் சிரித்தேன். இரண்டாம் வருடம் தலையாட்டினேன். மூன்றாம் வருடம் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

என்னோடு ஒரு தோழி இருந்தாள். மண்ணச்சநல்லூர்க்காரி, அரிசி மில் வைத்திருக்கும் குடும்பம். திருச்சியில் ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, பஸ் வரும்வரை ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம். மூன்று முறையும் மைசூர் வண்டியில் ஒன்றாகத்தான் போனோம். என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள்.

மைசூரில் முதல் நாள் ஒரு மங்கலான படத்தைத் திரையில் காட்டுவார்கள். கண் சிமிட்டும் நேரம். அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும், பிறகு குழுவாக உட்கார்ந்து எல்லாருடைய கதையையும் ஒரே கதையாக்க வேண்டும். குழு என்றால் மீன் மார்க்கெட். முதல் முறை என் கருத்துகளை வரிசையாக மனதில் அடுக்கி வைத்துக்கொண்டு என் முறை வருமென்று காத்திருந்தேன். முறை என்று ஒன்று அங்கே கிடையாது. அன்று மதியம் தோழியையும் என்னையும் பஸ்ஸில் ஏற்றி ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டாம் முறை பேசினேன், கயிறு ஏறினேன், பலகையையும் டிரம்மையும் வைத்துப் பாலம் போட்டேன், நாள் முழுக்கச் சுறுசுறுப்பான பெண்ணாக இருந்தேன். கிடைக்கவில்லை. மூன்றாம் முறை எனக்குக் களைப்பு. நடிக்கத் தெம்பில்லை. தெரியாததைத் தெரியாது என்றேன், நேர்முகத்தில் "பெற்றோருக்கு இதில் சம்மதமா?" என்று கேட்டபோது "அரைச் சம்மதம்" என்றேன். கடைசி நாள் என் எண்ணை வாசித்தார்கள். பக்கத்திலிருந்தவள் அழுதாள், ஒருத்தி குதித்தாள். எனக்கு எங்காவது உட்கார வேண்டும்போல இருந்தது.

தோழியை அந்த முறை முதல் நாளே அனுப்பிவிட்டிருந்தார்கள். அடுத்த தேர்வுக்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதற்குள் எனக்கும் தாண்டிவிடும். ஆகவே இதுதான் கடைசி. இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஊர் திரும்பிய அன்று அம்மா அக்காரவடிசல் செய்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கையலம்பும்போது பின்னால் வந்து நின்றாள்.

"வர புதன்கிழமை ஆசார்யன் மடத்துக்கு எழுந்தருளப்போறார். உனக்குச் சமாஸ்ரயணம் பண்ணிடலாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அதுக்கு அடுத்த வாரம் எனக்கு மெடிக்கல் இருக்கும்மா."

"இருக்கட்டுமே. கண்ணு, காது பார்ப்பா. இதுல என்ன இருக்கு?"

"தோள்ல சூடு போடுவா."

"எல்லாருக்கும்தான் போடறா. எனக்கு எட்டு வயசுல போட்டா. நான் என்ன செத்தா போயிட்டேன்?" துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "எங்கேயோ போகப்போற. யாரோட இருப்பியோ, எந்தக் காட்டுல போடுவாளோ. ஆசார்யன் திருவடி சம்பந்தம் இல்லாம உன்னை அனுப்பிட்டு என்னால இங்க தூங்க முடியாதுடி."

ஆசார்யன் அடுத்து எப்போது ஸ்ரீரங்கம் வருவார் என்று யாருக்கும் தெரியாது. அம்மா கேட்டது பெரிய காரியம் இல்லை. எங்கள் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன் எப்போதோ ஒருநாள் நடப்பதுதான். மூன்று வருடமாக அவள் என் இஷ்டத்துக்கு விட்டுக்கொடுத்ததையும் நினைத்தேன். என் மனசு வழக்கம்போலக் கணக்குப் போட்டது. முத்திரை தோலைத் தொடுவது ஒரு நொடி. மேலோட்டமான காயம். ஒரு வாரத்தில் ஆறிவிடும், தழும்பு மட்டும் மங்கலாகத் தெரியும். சரி என்றேன்.

புதன்கிழமை மடத்தில் நல்ல கூட்டம். பட்டினியோடு வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும், அதற்கு முன்னால் அழத் தயாராக ஒரு சின்னப் பெண். ஹோமப் புகை கூடம் முழுவதும் நின்றது. வலது தோளில் சக்கரம். சுருக்கென்றது, அவ்வளவுதான். இடது தோளில் சங்கு வைக்கும்போது புகை தொண்டைக்குள் போய் எனக்கு இருமல் வந்தது. தோள் ஆடியது. முத்திரை இழுபட்டது. யார் தவறும் இல்லை. என் கணக்கில் இருமல் மட்டும் சேரவில்லை.

மறுநாள் இடது பக்கம் கொப்புளம் எழும்பியது. சந்தனம் தவிர வேறு எதுவும் போடக்கூடாது என்றாள் அம்மா. போட்டேன்.

பெங்களூர் போகும் நாளில் அப்பா ஜங்ஷன் வரை வந்தார். பிளாட்பாரத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"யாராவது கேட்டா வெல்டிங் தீப்பொறி பட்டுடுத்துன்னு சொல்லிடு."

"ரெண்டு தோள்லயுமாப்பா? ஒரே உயரத்துலயா?"

அப்பா யோசித்தார். தொழிலில் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "ஆமா, ஒத்துக்க மாட்டா," என்றார்.

"ஒண்ணு வட்டமா, இன்னொண்ணு சங்கு மாதிரியா தெறிக்கற தீப்பொறியை நீங்க எங்க பார்த்தேள்?"

"சரி சரி, வண்டி வந்துடுத்து, ஏறு."

வண்டியில் இடம் பிடிக்கும் நெரிசலில் முதுகுப் பையின் பட்டை இடது தோளில் அழுத்தி, கொப்புளம் உடைந்தது. பெங்களூர் போய்ச் சேரும்போது சட்டை ஒட்டியிருந்தது.

மருத்துவப் பரிசோதனை என்பது பெரும்பாலும் வரிசையில் நிற்பது. ரத்தம், கண், காது, மூக்கு, பல், முட்டியைச் சேர்த்து நிற்கச் சொல்லி ஒரு பார்வை. ஒவ்வோர் அறையிலும் காகிதத்தில் ஒரு கையெழுத்து. எல்லாவற்றிலும் சரி. கடைசியில் ஒரு பெண் மருத்துவ அதிகாரி. மருத்துவமனை அங்கியைத் தோளிலிருந்து இறக்கச் சொன்னார். இறக்கினேன். அவர் முதலில் வலது தோளைப் பார்த்தார், பிறகு இடது தோளை, பிறகு என் முகத்தை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மென்மையாகத்தான் கேட்டார். ஆங்கிலத்தில்.

"வீட்டில் யாராவது உங்களை இப்படிச் செய்தார்களா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. மற்றவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. இரண்டு தோள்களிலும் சூடு வைக்கப்பட்ட ஒரு பெண்.

"இல்லை மேடம். மதச் சடங்கு. எங்கள் குரு செய்வது."

"உங்கள் சம்மதத்தோடா?"

"ஆமாம்."

"எப்போது?"

"போன வாரம்."

பேனா நின்றது. "இந்தப் பரிசோதனைத் தேதி அப்போது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், மேடம்."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தோல் மருத்துவருக்கு ஒரு சீட்டும், மனநல மருத்துவருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். தன் உடம்பில் தானே காயம் செய்துகொள்பவளா என்று பார்க்க வேண்டும், அது விதி என்றார். விதி நியாயமானது. அவர் இடத்தில் இருந்தால் நானும் அனுப்பியிருப்பேன்.

மனநல மருத்துவர் வயதானவர். குடும்பம், தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார். "வேண்டாம் என்று உங்கள் அம்மாவிடம் சொல்ல முடியாதா?"

"முடியும் சார்."

"பிறகு?"

"சொல்லவில்லை."

அவர் குறித்துக்கொண்டார். அந்தப் பதில் எனக்கு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை தெரியாது. மனநலத்தில் குறையில்லை என்று எழுதினார். தோல் மருத்துவர், இடது தோளில் ஆறாத காயம், சீழ் இருக்கிறது என்று எழுதினார். கொடுத்த கெடுவுக்குள் ஆறி, மறுபரிசோதனையில் தேறினால் தகுதி கிடைக்கும். ஆறாவிட்டால், இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரத்தடியில் நின்று வீட்டுக்கு போன் செய்தேன்.

"என்னடி சொன்னா?"

"காயம் ஆறினப்புறம் வரச் சொல்லிட்டாம்மா."

"அவ்வளவுதானே. ஆறிடும்."

"ஆறலைன்னா முடிஞ்சுதும்மா. அடுத்த தடவை எனக்கு வயசு இல்லை."

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா, "எனக்கு எப்படிடி தெரியும்? நீ படிச்சவ, நீ சொல்லியிருக்கப்படாதோ?" என்றாள். குரல் உடைந்திருந்தது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான், சண்டை போட அதில் எதுவும் இல்லை.

திருச்சி வந்ததும் நேராகத் தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் போனேன். சந்தனத்தைக் கழுவி, மாத்திரையும் களிம்பும் கொடுத்தார். இனி தோளில் பை மாட்டக் கூடாது, வியர்க்கக் கூடாது என்றார். வெயில் காலம். துவாக்குடி பஸ்ஸில் வியர்க்காமல் போவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. விடுப்பெடுத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். காலையும் மாலையும் காயத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். ஓட்டம் நின்றது. இத்தனை வருடம் ஓடி, ஏறி, பேசிப் பெற்றது முழுவதும் இப்போது ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு தோல் மூடுவதில் வந்து நின்றது. அதற்கு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. சும்மா இருப்பது இவ்வளவு களைப்பைத் தரும் என்று எனக்குத் தெரியாது.

தோழி ஒரு சனிக்கிழமை வந்தாள். மில்லிலிருந்து ஒரு பை பொன்னி அரிசியோடு. அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, என் சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடிப்பாவி. எங்க மில்லுல மூட்டைக்குத்தான்டி சீல் குத்துவாங்க. உங்க வீட்ல பொண்ணுக்கே குத்துறாங்களா?"

"மெதுவாப் பேசுடி, அம்மா இருக்கா."

"ஆன்ட்டி, கேக்குதா? ஏற்றுமதிச் சரக்குன்னு முத்திரை குத்திட்டீங்க, லாரிதான் இன்னும் வரல."

அம்மா சமையலறையிலிருந்து, "வாயைப் பாரு இவளுக்கு," என்றாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

தோழியை ஆட்டோ ஸ்டாண்ட் வரை கொண்டுவிட்டேன். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றாள். நான் நடையை நிறுத்தி அவளைப் பார்த்தேன்.

"மூஞ்சிய அப்படி வைக்காத. எனக்கு முடிஞ்சிருச்சு, அவ்வளவுதான். நீயாவது போய்த் தொலை. மூணு வருஷம் சத்திரத்துல நின்னதுக்கு ஒருத்தியாவது போகணும்ல."

அன்று மாலை களிம்பு போடக் கண்ணாடி முன் உட்கார்ந்தபோது அம்மா உள்ளே வந்தாள். பஞ்சைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சந்தனத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. டாக்டர் சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்து, எவ்வளவு போட வேண்டும் என்று என்னிடம் கேட்டு, ஊதி ஊதித் தடவினாள். அதன்பிறகு தினமும் அவளே செய்தாள்.

மறுபரிசோதனைக்குப் போகும்போது காயம் மூடியிருந்தது. வலது பக்கம் சக்கரம் வெளிறிப் போயிருந்தது. இடது பக்கம் சங்கு என்று சொன்னால்தான் தெரியும்; இல்லாவிட்டால் கறுத்த ஒரு கோடு. இந்த முறை மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை குத்தியதா என்று ஒருவர் கேட்டார். இல்லை, மை கிடையாது, சூடு மட்டும் என்றேன். பழைய காகிதங்களைப் புரட்டினார்கள். விரலால் அழுத்திப் பார்த்தார்கள், கையைத் தூக்கச் சொன்னார்கள், சுழற்றச் சொன்னார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருவர் ஸ்கேல் வைத்து இரண்டு தழும்புகளையும் அளந்தார். என் படிவத்தில் அங்க அடையாளம் என்ற இடத்தில் அதுவரை இருந்த மச்சத்தை அடித்துவிட்டு இந்த இரண்டையும் எழுதினார்.

"இனி நீங்கள் காணாமல் போக முடியாது," என்றார். நகைச்சுவையாகத்தான் சொன்னார். தகுதி என்று முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். வெளியே வந்து அதே மரத்தடியில் நின்றேன். போன் செய்ய வேண்டும் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் செய்தேன்.

தகுதியானவர்கள் எல்லாரையும் எடுப்பதில்லை. இடங்கள் குறைவு, மெரிட் லிஸ்ட் வரும்வரை தகுதி என்பது வெறும் தகுதிதான். அதற்குக் காத்திருந்த நாட்களில் துவாக்குடிக்குப் போய் வந்தேன், பேனல்களுக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். லிஸ்ட் ஒரு வேலை நாளில், சாப்பாட்டு நேரத்தில் வந்தது. மேலிருந்து படிக்கத் தைரியம் இல்லாமல் கீழிருந்து படித்தேன். சீக்கிரமே என் பெயர் வந்துவிட்டது. டப்பாவை மூடி வைத்துவிட்டு மேஜையில் தலை சாய்த்தேன். பக்கத்திலிருந்தவர்கள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து யாரும் தொந்தரவு செய்யவில்லை. அரைமணி தூங்கினேன்.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டாள், "அங்க தனியாத் தளிகை பண்ணிக்க விடுவாளோ? சமாஸ்ரயணம் ஆயாச்சு, இனிமே கண்ட இடத்துல சாப்பிடப்படாது."

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை நான் கணக்குப் போடவில்லை.

"விட மாட்டாம்மா. மெஸ்ல எல்லாரோடயும் உக்காந்து, போடறதைத்தான் சாப்பிடணும். நான் சாப்பிடுவேன். உங்கிட்ட மறைச்சுச் செய்ய எனக்கு இஷ்டமில்லை, அதனால இப்பவே சொல்லிடறேன்."

அம்மா எனக்கு மோர் விட்டாள்.

இப்போது நிலைமை இது. சேர்வதற்கான கடிதம் வந்துவிட்டது. துவாக்குடியில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன்; மாதக் கடைசி வரை போக வேண்டும். பயிற்சி அகாடமிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அப்பாவும் கூட வருகிறார். தோழிக்கு நிச்சயதார்த்தம் நான் போன பிறகு. நான் இருக்க மாட்டேன். கை சுழற்றினால் இடது தோள் கொஞ்சம் இழுக்கிறது, வலி இல்லை. மெஸ் விஷயமாக அம்மா இன்னும் பேசவில்லை. நான் சொன்னது சொன்னதுதான்.